ரீசெட் அழுத்தும் முன்: சில்லர், ஹீட் பம்ப் கண்ட்ரோல் பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

பட்டினப்பாக்கம், எம்.ஆர்.சி. நகர் பக்கம் எந்தப் பெரிய மண்டபத்தின், ஹோட்டலின் மொட்டை மாடியில் ஏறினாலும் சில்லர் யூனிட்டுகள் கடலைப் பார்த்தபடி நிற்கும். வெந்நீருக்கு வைத்த ஹீட் பம்பும் பக்கத்திலேயே இருக்கும். லட்சக்கணக்கில் விலை போகும் இந்த யூனிட்டுகளை ஆட்டுவிப்பது, பேனல் கதவில் பதித்த உள்ளங்கை அகல டிஸ்பிளே. அதை அன்றாடம் தொடுகிறவர் ஏ.சி. மெக்கானிக் அல்ல. மண்டபத்து எலக்ட்ரீஷியன், சூப்பர்வைசர், சில இடங்களில் இரவுக் காவலர். அவர்களுக்கு வரும் சந்தேகங்களை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறோம்.

சந்தேகம்: வரவேற்பு நடக்கும்போது சில்லர் 'எச்.பி. அலாரம்' காட்டி நின்றுவிடுகிறது. ரீசெட் செய்தால் ஓடுகிறது. எத்தனை தடவை ரீசெட் செய்யலாம்?

விளக்கம்: ஒரு தடவை. அதுவும் காரணத்தைத் தேடிப் பார்த்த பிறகு.

கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் கேஸின் அழுத்தம் எல்லை தாண்டினால் எச்.பி. அலாரம் வரும். காற்றால் குளிரும் யூனிட்டில் வழக்கமான காரணங்கள் மூன்று: கண்டென்சர் காயிலில் அழுக்கு அடைத்திருக்கும், ஃபேன் ஒன்று நின்றிருக்கும், அல்லது வெளியேறும் அனல் காற்று போக வழியில்லாமல் திரும்பக் காயிலுக்குள்ளேயே இழுக்கப்படும். தரையில் வைத்த யூனிட்டை அசிங்கமாகத் தெரிகிறதென்று பந்தல் துணி கட்டி மறைத்துவிடும் மண்டபங்கள் உண்டு. துணியை அவிழ்த்தாலே அலாரம் போய்விடும். கூலிங் டவர் உள்ள யூனிட் என்றால் டவர் ஃபேனையும் கண்டென்சர் பம்பையும் முதலில் பாருங்கள்.

அலாரம் அடித்ததும் கை தானாக ரீசெட்டுக்குப் போகும். அதற்கு முன் செல்போனை எடுத்து டிஸ்பிளேயைப் படம் எடுங்கள். அலாரம் கோடு, மணி, உள்ளே வரும் தண்ணீரின் வெப்பநிலை, வெளியே போகும் தண்ணீரின் வெப்பநிலை, இரண்டு பக்கத்து அழுத்தம் ஆகிய எல்லாம் அந்தப் படத்தில் வந்துவிட்டால், பிறகு வரும் மெக்கானிக்குக் காரணம் பாதி புரிந்துவிடும். ரீசெட் செய்து யூனிட் ஓடத் தொடங்கியபின் வந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அவர் 'கேஸ் கம்மி' என்று ஊகத்தில் சொல்லி கேஸ் ஏற்றிவிட்டுப் போவார். ஏற்கெனவே அழுத்தம் கூடியதால் நின்ற யூனிட்டுக்கு அது இன்னும் கேடு.

ஆர்-410ஏ கேஸ், கண்டென்சரில் 50 டிகிரியில் இருக்கும்போது அழுத்தம் சுமார் 30 பார். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். அழுத்தம் எல்லை தாண்டியதும் யூனிட்டை நிறுத்தும் எச்.பி. ஸ்விட்ச் கழன்று வேலை செய்யாமல் போனால் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே, 'இன்னைக்கு மட்டும் ஓட்டிக்கலாம் சார்' என்று யாராவது அந்த ஸ்விட்சின் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைக்க வந்தால் அனுமதிக்காதீர்கள். கல்யாணம் முடிந்ததும் ஒயரை எடுக்க எவருக்கும் ஞாபகம் வராது.

சந்தேகம்: ரீசெட் மெனு எங்கே என்று தெரியவில்லை. எம்.சி.பி.யை ஆஃப் செய்து போட்டால் அலாரம் மறைந்துவிடுகிறது. இது போதாதா?

விளக்கம்: போதாது. பல கண்ட்ரோலர்கள் சில அலாரங்களை ஒரு மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட தடவை வரை தாமே விடுவித்துக்கொள்ளும். அதற்கு மேல் வந்தால் ஆள் வந்து பார்க்கட்டும் என்று பூட்டிக்கொள்ளும். கரண்டை நிறுத்திப் போடுவதால் சில மாடல்களில் அந்த எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். பூட்டு எதற்காக வைத்தார்களோ அது வீண். தவிர, கம்ப்ரசரின் அடியில் எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் சிறு ஹீட்டரும் மெயினை நிறுத்தினால் நின்றுபோகும். அந்த ஹீட்டர் இல்லாமல் வெகுநேரம் கிடந்தால் கேஸ் எண்ணெயில் கரையும்; கிளம்பும் நொடியில் எண்ணெய் நுரைத்து மேலேறி கம்ப்ரசரைச் சேதப்படுத்தும். ஒரு நாளைக்கு மேல் மெயின் அணைந்திருந்தால், மறுபடி போட்டபின் 12 முதல் 24 மணி நேரம் ஹீட்டர் சூடேற விட்டுத்தான் கம்ப்ரசரை ஓட்ட வேண்டும். யூனிட்டின் கையேட்டில் வேறு நேரம் இருந்தால் அதுவே கணக்கு.

சந்தேகம்: ஆட்கள் நிறைந்துவிட்டார்கள், ஹால் குளிரவில்லை. தண்ணீர் செட்டிங்கை 7-லிருந்து 3-க்கு இறக்கினால் சீக்கிரம் குளிருமா?

விளக்கம்: குளிராது. கம்ப்ரசர்கள் எல்லாம் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், செட்டிங்கில் எந்த எண் இருந்தாலும் அதற்கு மேல் அவற்றால் ஓட முடியாது. சில்லரிலிருந்து 7 டிகிரியில் தண்ணீர் போய் 12 டிகிரியில் திரும்புவதுதான் பொதுவான வடிவமைப்பு. ஹாலை ஆட்கள் வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குளிர்விக்கத் தொடங்குவதும், சமையற்கூடத்துப் பக்கக் கதவை மூடிவைப்பதும்தான் வழி. அந்தக் கதவை மூடச் சொல்லிச் சமையல் மாஸ்டரிடம் ஜெயித்த மேனேஜர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

3 டிகிரிக்கு இறக்கினால் வரும் ஆபத்து பெரிது. தண்ணீர் ஓடும் வேகம் சற்றுக் குறைந்தாலும் எவாப்பரேட்டருக்குள் உறையத் தொடங்கும். உறைந்த தண்ணீர் விரிந்து தகட்டைக் கிழிக்கும்; தண்ணீர் கேஸ் குழாய்க்குள் புகும்; கம்ப்ரசர் உட்பட எல்லாம் போகும். இதைத் தடுக்கத்தான் உறைபனி எல்லை என ஒரு செட்டிங்கும், குழாயில் ஃப்ளோ ஸ்விட்சும் இருக்கின்றன. 'ஃப்ளோ அலாரம்' வந்தால் ஸ்விட்சைக் குறை சொல்லாமல் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள். தொடங்கும்போது பம்ப் முதலில், கம்ப்ரசர் பிறகு. நிறுத்தும்போது கம்ப்ரசர் முதலில், சில நிமிடம் கழித்துப் பம்ப். கண்ட்ரோலரே இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும். பம்பை 'மேனுவல்' சாவியில் போட்டு கண்ட்ரோலரின் கையைக் கட்டாதிருந்தால் சரி.

சந்தேகம்: கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தபின் சில்லர் மூன்று நிமிடம் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தைக் குறைக்க முடியுமா?

விளக்கம்: முடியும், செய்யாதீர்கள். நின்ற கம்ப்ரசரில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகவும், மோட்டார் ஆறவும் அந்த நேரம் வேண்டும். மூன்று நிமிடத்தில் ஹாலின் குளிர் போய்விடாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஃபேஸ் வரிசை. தெருவில் மின்வாரியம் கேபிள் மாற்றிய பிறகோ, ஜெனரேட்டர் சர்வீஸ் ஆன பிறகோ மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருக்கலாம். பல்பும் ஏ.சி. பிளக்கும் வழக்கம்போல வேலை செய்யும். ஸ்க்ரோல், ஸ்க்ரூ வகைக் கம்ப்ரசர் மட்டும் தலைகீழாகச் சுற்றி, வழக்கமில்லாத சத்தம் போட்டு, சீக்கிரமே பழுதாகும். ஃபேஸ் மானிட்டர் ரிலே அலாரம் காட்டினால் அந்த ரிலேயைக் கழற்றி ஓரம் வைப்பவர் எலக்ட்ரீஷியன் அல்ல. சப்ளை பக்கம் இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டாலே தீரும் விஷயம் அது. ஜெனரேட்டர் சப்ளைக்கும் தனியாக ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகம்: டிஸ்பிளேயில் 'ஆஃப்' என்று வந்துவிட்டால் பேனலைத் திறக்கலாமா?

விளக்கம்: கூடாது. 'ஆஃப்' என்பது கண்ட்ரோலர் ஓய்வாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். உள்ளே 415 வோல்ட் அப்படியே இருக்கும். டைமரோ, ரிமோட்டோ, அலுவலகக் கம்ப்யூட்டரோ கட்டளை கொடுத்தால் ஃபேன் எந்த நொடியும் சுற்றும். ஐசொலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, 'வேலை நடக்கிறது' என்று பலகை மாட்டி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கண்ட்ரோல் சப்ளை யு.பி.எஸ்.ஸிலிருந்து தனியாக வரும் பேனல்களில் மெயினை இறக்கினாலும் சில முனைகளில் கரண்ட் இருக்கும். இன்வெர்ட்டர் டிரைவ் உள்ளதில் கெப்பாசிட்டர் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். எத்தனை நிமிடம் என்று டிரைவின் மேலேயே அச்சடித்திருக்கும்.

சந்தேகம்: தண்ணீர் வெப்பநிலை டிஸ்பிளேயில் ஒன்று, கையில் வைத்திருக்கும் தெர்மாமீட்டரில் வேறு. கடல் காற்றா காரணம்?

விளக்கம்: பட்டினப்பாக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். இங்கே உப்பு படியாத உலோகம் கிடையாது. அலுமினிய ஃபின் வெள்ளைப் பொடியாக உதிர்வது கண்ணுக்குத் தெரியும். சென்சார் இணைப்பில் நடப்பது தெரியாது.

பெரும்பாலான கண்ட்ரோலர்களில் இருப்பது, குளிரக் குளிர மின்தடை கூடும் வகைச் சென்சார். வழக்கமான ஒரு வகை 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும்; 7 டிகிரியில் அதுவே சுமார் 20,000. டெர்மினலில் பச்சை பூத்து 1,000 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால், தண்ணீர் உண்மையில் இருப்பதைவிட ஒரு டிகிரிக்கு மேல் குளிராக இருப்பதாகக் கண்ட்ரோலர் நம்பிவிடும். 'குளிர்ந்துவிட்டது' என்று கம்ப்ரசரை நிறுத்தும். ஹாலில் விசிறி தேடுவார்கள். மறுபுறம், இணைப்பில் உப்பு ஈரம் இறங்கி இரண்டு ஒயருக்கும் நடுவே கரண்ட் கசிந்தால் தடை குறையும். தண்ணீர் சூடாக இருப்பதாகத் தெரியும். கண்ட்ரோலர் இன்னும் இன்னும் குளிர்விக்கும். இந்த இரண்டாவதுதான் எவாப்பரேட்டரை உறைய வைப்பது. மெனுவில் உள்ள 'ஆஃப்செட்'டை மாற்றி எண்ணைச் சரிக்கட்டும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டு, ஈரம் புகாத ஸ்லீவ் ஏற்றுங்கள். அப்படியும் வித்தியாசம் இருந்தால் சென்சாரை மாற்றுங்கள். கம்ப்ரசர் விலையோடு ஒப்பிட்டால் சென்சார் காசு ஒன்றுமில்லை.

கண்டென்சர் காயிலை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள், மெயினை இறக்கிவிட்டு. பம்ப் வைத்துப் பீய்ச்சி அடித்தால் ஃபின் மடங்கும், பேனலுக்குள்ளும் தண்ணீர் போகும். பேனல் கதவின் ரப்பர், கேபிள் நுழையும் கிளாண்டு இரண்டையும் மழைக்கு முன் பாருங்கள். ஒரு ஒயர் கூடுதலாக இழுக்கப் போட்ட துளையை அடைக்காமல் விட்டுப்போவது நம்மூர் வழக்கம். உப்புக் காற்றுக்கு அந்தத் துளை போதும்.

சந்தேகம்: ஹீட் பம்ப் வெந்நீரை 45 டிகிரியில் வைத்தால் கரண்ட் மிச்சமாகிறது. வைக்கலாமா?

விளக்கம்: குளிக்க 45 போதும்; டேங்கில் தேக்கி வைக்க அது போதாது. 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் நிமோனியாவில் இறந்தார்கள். காரணம் லெஜியனெல்லா என்ற பாக்டீரியா. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீர் அதற்கு உகந்த இடம். டேங்கை 60 டிகிரியில் வைத்து, குளியலறைக்குப் போகும் வழியில் மிக்சிங் வால்வு போடுவதே முறை. 60 டிகிரித் தண்ணீர் சில நொடியில் தோலைப் பொசுக்கும். பாக்டீரியாவுக்குப் பயந்து டேங்கை 70-க்கு ஏற்றினால், யூனிட் அதற்கென்று செய்யப்படாதிருந்தால், எச்.பி. அலாரத்தில் நிற்கும்.

சந்தேகம்: கம்பெனிக்காரர் செல்போனிலேயே சில்லரைப் பார்க்க வழி செய்து தருகிறார். பாதுகாப்பா?

விளக்கம்: வசதிதான், ஆனால் கவனம் வேண்டும். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோனபோது, திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருந்த கணக்கின் வழியாக. சில்லரின் நெட்வொர்க்கை பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்து வையுங்கள். பெட்டியில் வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆபரேட்டருக்குப் பார்க்கவும் செட் பாயின்ட் மாற்றவும் மட்டும் உரிமை போதும். சர்வீஸ் பாஸ்வேர்டைப் பேனல் கதவில் மார்க்கரால் எழுதி வைக்காதீர்கள்.

சந்தேகம்: புயல் மழையில் பேனலுக்குள் தண்ணீர் போய்விட்டது. காய்ந்ததும் போடலாமா?

விளக்கம்: 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் எல்லாம் வந்தது டிசம்பரில். அதனால் அந்த மாதம் புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே மெயினை இறக்கிவிடுவது நல்லது. நனைந்த பேனல் வெளியே காய்ந்தாலும் போர்டுக்கு அடியில் உப்பு தங்கும். அது காய்ந்தபின்னும் ஈரத்தை இழுத்துக் கரண்டைக் கசியவிடும். போர்டைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள். மோட்டாருக்கு மெக்கர் போடும் முன் கண்ட்ரோலர், டிரைவ் ஒயர்களைக் கழற்றச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கர், வெள்ளத்தில் தப்பித்த போர்டைக் கொன்றுவிடும்.

சந்தேகம்: பழைய ஆர்-22 யூனிட்டில் வேறு கேஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். கண்ட்ரோலரில் ஏதும் மாற்ற வேண்டுமா?

விளக்கம்: ஆர்-22 போன்ற கேஸ்களை 2030-க்குள் கைவிட இந்தியா மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி கெடு ஏற்றிருப்பதால் இந்தக் கேள்வி இனி அடிக்கடி வரும். எலக்ட்ரானிக் எக்ஸ்பான்ஷன் வால்வு உள்ள யூனிட்டில் கண்ட்ரோலர் அழுத்தத்தை அளந்து, அந்தந்த கேஸின் அட்டவணையைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. கேஸ் மாறி, மெனுவில் கேஸின் பெயர் மாறாவிட்டால் அது போடுவதெல்லாம் தப்புக் கணக்கு. திரவமாகவே கேஸ் கம்ப்ரசருக்குப் போய் வால்வு உடையலாம். எச்.பி., எல்.பி. (தாழ் அழுத்த) எல்லைகளும், எண்ணெயின் வகையும் மாற வேண்டியிருக்கும். இன்னொன்று: ஆர்-410ஏ யூனிட்டில் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று ஆர்-32 ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஆர்-410ஏ எரியாது, ஆர்-32 மெல்ல என்றாலும் எரியும். பழைய பேனலில் பொறி பறக்கும் ரிலேக்கள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. தயாரித்த கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்ட கேஸை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கேஸின் பெயர், எடை, தேதி எழுதிய ஸ்டிக்கர் யூனிட்டிலும், மாற்றிய செட்டிங்குகளின் பட்டியல் உங்கள் ஃபைலிலும் இருக்கட்டும். அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிய பிறகு பில்லைப் பாஸ் செய்யுங்கள்.