பாதி விலையா? பம்மாத்து விலையா?
“ஆன்லைன்” தள்ளுபடியில் போனஸ் பணம் பத்திரம்!

தீபாவளி போனஸ் கைக்கு வருகிறது. அதே வாரத்தில் செல்போன் விடாமல் மணி அடிக்கிறது. “80 சதவீதம் தள்ளுபடி! இன்று நள்ளிரவு வரை மட்டுமே!”

பீச் ஸ்டேஷனில் மின்சார ரெயில் ஏறி தாம்பரத்தில் இறங்குவதற்குள் மிக்சி, டெலிவிஷன், செல்போன் எல்லாம் வாங்கி விடலாம். கடை ஏற வேண்டாம். பேரம் பேச வேண்டாம். விரலால் ஒரு தட்டு. போனசில் பாதி காலி!

கிடைத்தது உண்மையிலேயே மலிவுதானா?

கோடு அடித்த விலை

சூட்சுமம் முழுவதும் குறுக்கே கோடு அடித்துப் போட்டிருக்கும் விலையில்தான் இருக்கிறது. அது பெரும்பாலும் “எம்.ஆர்.பி.” என்கிற அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்கக்கூடாது என்பதுதான் சட்டம். நேற்று வரை அந்த விலைக்கு விற்றது என்று அர்த்தம் அல்ல!

குமாஸ்தா ஒருவர் மிக்சி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பெட்டியில் போட்டிருக்கும் விலை ரூ.6 ஆயிரம். தெருமுனைக் கடையில் வருஷம் முழுவதும் ரூ.3 ஆயிரத்து 300-க்குக் கிடைக்கிறது. தள்ளுபடி நாளில் செல்போனில் “50 சதவீதம் தள்ளுபடி, ரூ.3 ஆயிரம்” என்று மின்னுகிறது.

“என்னங்க, பாதி விலைக்குப் போடுறான்! இப்போ விட்டா கிடைக்காது” என்கிறார் மனைவி. ரூ.3 ஆயிரம் மிச்சம் என்று இருவருக்கும் சந்தோஷம். உண்மையில் மிச்சம் ரூ.300 மட்டுமே. அதே மிக்சி போன மாதம் செல்போனிலேயே ரூ.2 ஆயிரத்து 900-க்குக் கிடைத்திருந்தால் மிச்சம் ஏது? ரூ.100 கைநஷ்டம்!

மன்னிப்புக் கேட்டார்கள்

இது இன்று நேற்று எழுந்த சந்தேகம் அல்ல. 2014 அக்டோபர் 6-ந் தேதி பிளிப்கார்ட் நிறுவனம் “பிக் பில்லியன் டே” என்ற முதல் மெகா விற்பனையை நடத்தியது. 10 மணி நேரத்தில் சுமார் ரூ.600 கோடிக்கு விற்பனை என்று அறிவித்தது.

ஆனால் புகார்களும் குவிந்தன. விலையை முன்கூட்டியே ஏற்றிவிட்டு பிறகு குறைத்தார்கள் என்றார்கள் சிலர். ஆர்டர் ரத்தாகி விட்டது என்றார்கள் சிலர். கண்மூடித் திறப்பதற்குள் சரக்கு தீர்ந்து விட்டது என்றார்கள் வேறு சிலர். மறுநாளே நிறுவனர்கள் சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் வாடிக்கையாளர்களுக்கு இ-மெயில் அனுப்பி மன்னிப்புக் கேட்டார்கள்.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக்குறைந்த விலையைக் காட்ட வேண்டும். 2022 மே மாதம் முதல் இந்த விதி அமலில் இருக்கிறது.

எல்லாமே டூப்பா?

அப்படிச் சொல்லி விட முடியாது. புது மாடல் வரும்போது பழைய மாடல் சரக்கைத் தள்ளிவிட நிஜமாகவே விலை குறைப்பது உண்டு. வங்கி கார்டுக்குக் கிடைக்கும் கழிவும் நிஜம்தான். ஆனால் அதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும். ரூ.40 ஆயிரம் டெலிவிஷனுக்கு 10 சதவீதம் என்றால் ரூ.4 ஆயிரம் வரவேண்டும். கீழே பொடி எழுத்தில் “அதிகபட்சம் ரூ.1,500” என்று போட்டிருந்தால் அவ்வளவுதான்!

“வட்டி இல்லாத தவணை” என்றாலும் உஷார்! பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லி விட்டது. வட்டி வேறு ஏதோ ஒரு கணக்கில் ஒளிந்திருக்கும். பரிசீலனைக் கட்டணம், வட்டிக்கு ஜி.எஸ்.டி. என்று பில்லில் தனியாக ஏறுவதும் உண்டு.

பொய் அவசரம் கூடாது

“ஒன்றே ஒன்றுதான் பாக்கி”, “இன்னும் 10 நிமிஷம்தான்” என்று விரட்டுவார்கள். அது பொய்யாக இருந்தால் விதிமீறல். இப்படிப்பட்ட 13 வகை தந்திரங்களைப் பட்டியல் போட்டு, 2023 நவம்பர் 30-ந் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும் அதில் ஒன்று. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

புகாருக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாங்க நினைக்கும் பொருளின் விலையை ஒரு மாதத்துக்கு முன்பே செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளுபடி நாளில் அந்த விலையோடு ஒப்பிட வேண்டும். பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எத்தனை சதவீதம் என்பது கேள்வியே அல்ல. போன மாதம் என்ன விலை என்பதுதான் கேள்வி.

பாண்டி பஜார் நடைபாதையில் 500 ரூபாய் என்றால், “200-க்குத் தர்றியா?” என்று கேட்கிறவர்கள்தான் நாம். செல்போனைக் கையில் எடுத்ததும் அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கே போகிறது?