மேட்டில் நிற்கும் கார், ஆறியதும் ஓடுவது ஏன்?

போளூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பழைய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ பாதி வழியில் நின்றுவிடலாம். சற்று ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால் நன்றாக ஓடும். ஏன்?

மேட்டில் வண்டி குறைந்த கியரில் மெதுவாக ஏறும். எஞ்சினுக்கு உழைப்பு அதிகம், எதிர்க்காற்று குறைவு. பானெட்டுக்குள் வெப்பம் தேங்கும். இக்னிஷன் காயிலில் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4% கூடும், 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் கால் பங்குக்கு மேல் உயரும். நல்ல இக்னிஷன் காயில் இதைத் தாங்கும். ஆனால் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கும் அந்தக் காயிலின் மின்காப்பு நைந்திருந்தால், சூட்டில் மின்சாரம் உள்ளேயே கசியும். ஸ்பார்க் பிளக்கில் பொறி வராது. விரிசல் விட்ட இணைப்பும் சூட்டில் விலகி, ஆறியதும் சேரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி ஆறுவதற்குள் பிளக்கில் பொறி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். பொறி வந்தால், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். வராவிட்டால், காயிலுக்கு மின்னழுத்தம் கிடைக்கிறதா என்று மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் பழுது சாவி சுவிட்சிலோ வயரிலோ இருக்கும். கிடைத்தால் காயில், கண்டன்சர், காண்டாக்ட் பாயின்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சாவியை அணைத்து, காயிலை மட்டும் ஈரத்துணியால் குளிர்வித்ததும் வண்டி ஓடினால், காயில்மீது சந்தேகம் வலுக்கும்.

உயர் மின்னழுத்தம் ஆபத்தானது. பெட்ரோல் கசிவு இருந்தால் பொறிச் சோதனையே கூடாது. ஊகித்துப் பாகங்களை மாற்றுவதைவிட, சூட்டிலேயே அளந்து பார்ப்பது பணத்தையும் பயணத்தையும் காக்கும்.