இந்துப் பெண்களின் சொத்துரிமை

இந்துப் பெண்களின் சொத்துரிமை என்பது இந்து சமூகத்தைச் சேர்ந்த பெண்கள் சொத்தை அடையவும், தம் பெயரில் வைத்திருக்கவும், விற்கவும், பிறருக்கு விட்டுச் செல்லவும் கொண்டுள்ள உரிமையைக் குறிக்கும். இந்தியாவில் இவ்வுரிமை முதன்மையாக 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தால் வரையறுக்கப்படுகின்றது. இச்சட்டம் பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் பொருந்தும். ஒரு பெண்ணின் பங்கு, அவள் யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதைப் பொறுத்தே நெடுங்காலம் அமைந்திருந்தது. இந்நிலை படிப்படியாகத் தளர்ந்ததே இவ்வுரிமையின் வரலாறு ஆகும்.

மரபுச் சட்டங்கள்

இந்துக்களின் வாரிசுரிமையில் இரண்டு மரபுகள் முக்கியமானவை. யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விக்ஞானேசுவரர் எழுதிய உரையான மிதாக்சரம் இந்தியாவின் பெரும்பகுதியில் பின்பற்றப்பட்டது. சீமூதவாகனரின் தாயபாகம் வங்காளத்திலும் அசாமிலும் வழங்கியது. மிதாக்சர முறையில், கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. இவ்வாறு பிறப்பால் உரிமை பெறுவோர் கூட்டுரிமைப் பங்காளிகள் எனப்படுவர். மகள் இவர்களுள் ஒருத்தியாகக் கருதப்படவில்லை.

பெண்ணுக்கெனத் தனியே இருந்த சொத்து ஸ்திரீதனம் ஆகும். பெற்றோர், உடன்பிறந்தார், உறவினர் ஆகியோர் அன்புடன் அளித்த நகைகளும் பிற பொருட்களும் இதில் அடங்கும். கேரளத்தின் மருமக்கத்தாய முறை இவற்றிலிருந்து வேறுபட்டது. அங்கு சொத்து தாய்வழியாக இறங்கியது. எனினும் அதனை நிருவகிக்கும் பொறுப்பு காரணவர் எனப்படும் மூத்த ஆணிடமே இருந்தது.

பிரித்தானிய ஆட்சிக் காலம்

1856 ஆம் ஆண்டின் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் மறுமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. ஆனால் மறுமணம் செய்துகொண்ட பெண் முதற் கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழந்தாள்.

1929 ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. 1937 ஆம் ஆண்டில் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி விதவைக்குக் கணவனின் சொத்தில் பங்கு கிடைத்தது. ஆயினும் அது ஆயுட்கால உரிமையாக மட்டுமே இருந்தது. தக்க தேவையின்றி அவள் அதனை விற்க இயலாது. அவள் இறந்தபின் அச்சொத்து கணவனின் வாரிசுகளுக்கே திரும்பியது. மகளுக்கு இச்சட்டம் எதையும் தரவில்லை.

1956 ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் சட்ட அமைச்சர் அம்பேத்கர் முன்னெடுத்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அது நிறைவேற்றப்படாமல் கைவிடப்பட்டதை ஒரு முக்கிய காரணமாகக் காட்டி, அவர் 1951 ஆம் ஆண்டில் பதவி விலகினார். பின்னர் அம்மசோதா நான்கு தனிச் சட்டங்களாகப் பிரித்து நிறைவேற்றப்பட்டது. அவற்றுள் ஒன்றே இந்து வாரிசுரிமைச் சட்டம்.

இச்சட்டத்தின் 14 ஆம் பிரிவு, பெண்களிடம் இருந்த ஆயுட்கால உரிமையைப் பொதுவாக முழு உரிமையாக மாற்றியது. தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு கிடைத்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் வேறுபாடு நீடித்தது. தாய் இல்லாத ஒரு குடும்பத்தில் தந்தை, ஒரு மகன், ஒரு மகள் இருப்பதாகவும், பூர்வீக நிலம் 12 ஏக்கர் எனவும் கொள்வோம். தந்தை உயில் எழுதாமல் இறந்தால், முதலில் தந்தைக்கும் மகனுக்கும் ஆளுக்கு 6 ஏக்கர் எனக் கணக்கிடப்படும். பின்னர் தந்தையின் 6 ஏக்கர் மட்டும் இரு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படும். முடிவில் மகனுக்கு 9 ஏக்கரும் மகளுக்கு 3 ஏக்கரும் சேரும்.

மாநிலத் திருத்தங்களும் 2005 ஆம் ஆண்டுத் திருத்தமும்

கேரளம் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு, மகாராட்டிரம், கர்நாடகம் ஆகியவை மகளையும் கூட்டுரிமைப் பங்காளி ஆக்கின. தமிழ்நாட்டில் இத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியானது. எனினும் அந்நாளுக்கு முன் திருமணமான பெண்களுக்கு இது பொருந்தவில்லை. இதனால் ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரிகளுள் ஒருத்திக்குப் பங்கு கிடைத்து, மற்றவளுக்குக் கிடைக்காமற் போகவும் இடமிருந்தது.

2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம், திருமணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடின்றி எல்லா மகள்களுக்கும் பிறப்பால் உரிமை வழங்கியது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இப்போது மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு 6 ஏக்கர் கிடைக்கும். அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் முரண்பட்டன. அது தேவையில்லை என 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20 க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகள் இதனாற் பாதிக்கப்படா.

எஞ்சியுள்ள வேறுபாடுகள்

ஆண் உயிலின்றி இறந்தால் அவனுடைய தாய் முதல் வகுப்பு வாரிசுகளுள் ஒருவர். பெண்ணுக்கு அவ்வாறில்லை. கணவனும் பிள்ளைகளும் இல்லாத பெண் உயிலின்றி இறந்தால், 15 ஆம் பிரிவின்படி அவளுடைய சொந்தச் சம்பாத்தியம் கணவனின் வாரிசுகளுக்கே முதலில் செல்லும். அவர்களுக்குப் பின்னரே பெற்றோர் வருவர். மணமான மூன்று மாதங்களில் கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டின் ஆதரவில் படித்துப் பணிபுரிந்த ஒரு பெண்ணின் சேமிப்பு, 2009 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அவள் கணவனின் சகோதரியின் மகன்களைச் சேர்ந்தது. இப்பிரிவைத் திருத்துமாறு சட்ட ஆணையம் 2008 ஆம் ஆண்டிலேயே தனது 207 ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது.

நடைமுறையிலும் தடைகள் உள்ளன. திருமணச் செலவும் சீரும் மகளின் பங்குக்கு ஈடாகிவிட்டன என்ற கருத்து பரவலாக உண்டு. அவற்றைப் பங்கிலிருந்து கழிக்குமாறு இச்சட்டம் கூறவில்லை. இருப்பினும் உடன்பிறந்தாருடனான உறவு முறியும் என்ற அச்சத்தால் பல பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுகின்றனர். தந்தை தன் பங்கை மகனுக்கு மட்டும் உயில் எழுதி வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. எனவே, ஏட்டிலுள்ள சம உரிமை எல்லா வீடுகளிலும் சம பங்காக மாறிவிடவில்லை.