விடிவெள்ளியின் காற்றில் இருப்பது பத்துமலையின் கல்லில் இருக்கிறது

ரப்பர் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனவர்களுக்கு விடிவெள்ளி நன்கு பழகிய ஒன்று. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே பால்மரம் சீவக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் கிழக்கு வானில் மினுங்காமல் பளிச்சென்று தெரிவது அதுதான். வேறு சில மாதங்களில் சூரியன் மறைந்த பிறகு, கிள்ளான் கடலோரத்தில் மேற்கே பார்த்தால் அதே ஒளி தெரியும்.

இரண்டும் ஒன்றுதான். அது நட்சத்திரமும் அல்ல. பூமிக்குப் பக்கத்து வீடான வெள்ளிக் கோள் அது. பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றுவதால், வானில் சூரியனைவிட்டு ஏறக்குறைய 47 டிகிரிக்கு மேல் அது விலகுவதில்லை. அதனால்தான் நம் ஊரில் நடுநிசியில் அதைப் பார்க்க முடியாது.

அளவில் சகோதரி, குணத்தில் அடுப்பு

பூமியின் குறுக்களவு 12,756 கிலோமீட்டர். வெள்ளியின் குறுக்களவு 12,104 கிலோமீட்டர். இரண்டும் பாறைக் கோள்கள். ஒற்றுமை அதோடு சரி.

வெள்ளியின் தரையில் வெப்பம் ஏறக்குறைய 465 டிகிரி செல்சியஸ். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். அங்குள்ள காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்குக்கும் மேல். கடலில் 900 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். மேகங்களில் இருப்பது கந்தக அமிலத் துளிகள். அந்த மழை தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடும்.

வெள்ளி பூமிக்கு எதிர்த்திசையில் சுழல்வதால் அங்கே சூரியன் மேற்கே உதிக்கும். ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நம் கணக்கில் 117 நாள்கள்.

வெப்பத்துக்குக் காரணம் தூரமல்ல

சூரியனுக்கு அருகில் இருப்பதால்தான் இவ்வளவு சூடு என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் இன்னும் அருகில் இருக்கும் புதன் கோளைவிட வெள்ளியின் சூடு அதிகம். வெள்ளியின் மேகங்கள் சூரிய ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அது உள்வாங்கும் வெயில் பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு.

உள்ளே வந்த வெப்பம் வெளியேற முடியாததுதான் சிக்கல். பிரிக்பீல்ட்ஸ் சாலையோரத்தில் நண்பகலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய கார் எப்படிக் கொதிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெள்ளியில் வெப்பத்தை அப்படிப் பிடித்து வைத்திருப்பது கரியமிலவாயு. அங்குள்ள காற்றில் 96 விழுக்காட்டுக்கும் மேல் அதுதான்.

பூமியில் அந்த அளவு கரியமிலவாயு இல்லையா? ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி கல்லுக்குள் கிடக்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டு சேர்க்கிறது. சிப்பியும் பவளமும் அதைக்கொண்டு ஓடு கட்டுகின்றன. அவை அடியில் படிந்து கோடிக்கணக்கான ஆண்டுகளில் சுண்ணாம்புக்கல் ஆகின்றன.

தைப்பூசத்தில் 272 படி ஏறிச் செல்லும் பத்துமலை அப்படிப் பழங்காலக் கடலில் உருவான குன்று. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவில் ஏறக்குறைய 44 கிலோ கரியமிலவாயு அடங்கியிருக்கிறது. கல்லைச் சூளையில் சுட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கும்போது வெளியேறுவது அதுவே. வெள்ளியில் மழையும் கடலும் இல்லை. வாயுவைக் கல்லாக்கிப் பூட்டி வைக்க வழியில்லாமல் எல்லாம் காற்றிலேயே நிற்கிறது.

23 நிமிடம் தாங்கிய கலம்

1962 டிசம்பரில் அமெரிக்காவின் மரினர் 2 வெள்ளியை நெருங்கிக் கடந்து, அது கொதிக்கும் கோள் என்று காட்டியது. 1970 டிசம்பரில் சோவியத்தின் வெனேரா 7 அங்கே இறங்கி, தரையிலிருந்து 23 நிமிடம் தகவல் அனுப்பியது. 1982இல் வெனேரா 13 இறங்கி 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. தட்டையான பாறைகளும் ஆரஞ்சு நிற வானமும் அதன் வண்ணப் படங்களில் தெரிந்தன.

1990 முதல் மெகல்லன் விண்கலம் மேகங்களை ஊடுருவும் ரேடாரால் தரையின் 98 விழுக்காட்டைப் படமாக்கியது. அதன் 1991ஆம் ஆண்டுப் படங்களை மீண்டும் ஆராய்ந்தவர்கள், எட்டு மாத இடைவெளியில் ஓர் எரிமலை வாய் பெரிதாகி இருந்ததை 2023இல் வெளியிட்டனர்.

அடுத்து இந்தியாவும் செல்லவிருக்கிறது. வெள்ளியைச் சுற்றிவரும் கலத்துக்கு இந்திய அரசு 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2028 மார்ச்சில் செலுத்துவது திட்டம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி.நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத் தமிழர்.

நமக்கு என்ன?

தொழிற்புரட்சிக்கு முன் பூமியின் காற்றில் பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட இல்லாத கரியமிலவாயு இன்று நான்கைத் தாண்டிவிட்டது. காப்பார் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியும், நெடுஞ்சாலை வாகனங்களின் புகையும், சிமெண்டுக்காகச் சுடப்படும் சுண்ணாம்புக்கல்லும் மண்ணுக்குள் கிடந்ததைக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன. இதனால் பூமி இன்னொரு வெள்ளியாகிவிடாது. ஆனால் ஒன்றரை டிகிரி கூடினாலே மழையும் விளைச்சலும் கடல்மட்டமும் மாறும். கிள்ளான் போன்ற தாழ்வான கடலோர ஊர்களுக்கு அதுவே பெரிய பாதிப்பு.

வெள்ளியைக் காணத் தொலைநோக்கி தேவையில்லை. பிள்ளைகளுக்கு மேலும் காட்ட விரும்புவோருக்குப் பிரிக்பீல்ட்சிலிருந்து சற்றுத் தொலைவில் தேசியக் கோளரங்கம் இருக்கிறது.