உங்களுக்குத் தெரியுமா? மூளையில் கிடைத்த இதய ஹார்மோன்

1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து ஒரு புதிய ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் பிஎன்பி. பிறகுதான் தெரிந்தது, நம் உடலில் அதை மிகுதியாகச் சுரப்பது இதயம்!

• 32 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு இது. இதயத்தின் கீழறைச் சுவர் அளவுக்கு மீறி இழுபட்டால் ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றும், ரத்தக் குழாய்கள் தளரும், அழுத்தம் இறங்கும்.

• எதிர்ப்பக்கம் இழுப்பது மூளையின் வாசோப்ரெசின். ஒன்பதே அமினோ அமிலங்கள், ஆனால் வேலை பெரிது. ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து ரத்தத்துக்கு வரும். கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது, சிறுநீரில் நீர் வீணாகாமல் காப்பது இதுதான். அப்போது சிறுநீர் அடர்மஞ்சளாவது அதனால்தான். ரத்தம் அதிகம் இழந்தால் குழாய்களை இறுக்கி, அழுத்தம் சரியாமல் தாங்கும்.

• ஆஞ்சியோடென்சின் என்னும் இன்னொரு பெப்டைடு மூளையைத் தொட்டால் தாகம் எடுக்கும், வாசோப்ரெசினும் கூடும்.

• நெஞ்சுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். அங்குள்ள இருதயாலீசுவரரிடம் இதய நோயாளிகள் வேண்டிக்கொள்வது வழக்கம். நடந்தால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா? வேண்டுதலோடு மருத்துவரையும் பாருங்கள். ரத்தத்தில் பிஎன்பி அளவைப் பார்ப்பது, இதயச் செயலிழப்பு இருக்கிறதா என்று கணிக்க அவருக்கு உதவும்.