மேடேறினால் ஹீட்டர் காற்று ஏன் திசை மாறுகிறது?

1990களின் ஃபோர்டு இகானலைன் வேன். ஹீட்டரின் சூடான காற்று காலுக்கு வந்துகொண்டிருக்கும். மேடேற ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முன்கண்ணாடிப் பக்கம் போய்விடும்! ஏன்?

காற்றின் வழியை மாற்றும் கதவுகளை அதில் இயக்குவது எஞ்சினின் உறிஞ்சுவிசை. த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கையில் பிஸ்டன்கள் காற்றை இழுப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைகிறது. ஐடிலில் நல்ல எஞ்சின் சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் காட்டும். மெல்லிய குழாய் வழியே அது டாஷ்போர்டுக்குள் இருக்கும் டயாஃப்ரத்தை இழுக்க, கதவு திரும்புகிறது.

ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் இந்த வெற்றிடம் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது கைகொடுக்கத்தான் ஒரு சேமிப்புக் கலமும் ஒருவழி வால்வும் இருக்கின்றன. அவை கசிந்தால் ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கமே தள்ளும். பழுதானாலும் ஓட்டுநரின் பார்வையைப் பனி மறைக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது, கெட்டிக்காரத்தனம்தான்.

பலர் எடுத்த எடுப்பில் டாஷ்போர்டைக் கழற்றுகிறார்கள். வீண் வேலை. முதலில் பானெட்டைத் திறந்து, வெப்பத்தில் வெடித்த குழாய்களைத் தேடுங்கள். ஒருவழி வால்வைக் கழற்றி ஊதுங்கள். இருபுறமும் காற்று போனால் மாற்றிவிடுங்கள். பிறகே டயாஃப்ரம்: கைப் பம்பால் உறிஞ்சிப் பாருங்கள், பம்பின் அளவுமானி முள் இறங்கினால் அது கிழிந்திருக்கிறது.

டீசல் வேன் என்றால், தனி வெற்றிடப் பம்பையும் சோதிக்க மறக்காதீர்கள்.