தச்சர் அடித்த கோல்! சேற்றில் சறுக்கிய பெரிய டீம்!

வாரம் முழுக்க ரம்பமும் உளியும் பிடிக்கிற கை. சனிக்கிழமை வந்தால் பூட்ஸ் மாட்டுகிற கால். அப்படிப்பட்ட ஒரு தச்சுத் தொழிலாளி, 1972-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, ஒரே ஒரு உதையில் இங்கிலாந்து நாட்டையே எழுந்து நிற்க வைத்தார்.

அவர் பெயர் ரோனி ராட்போர்டு. அவர் ஆடிய டீம் ஹெரிபோர்டு யுனைடெட்.

"எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்" என்று சொன்னவர்கள் உண்டு. அதிர்ஷ்டம்தான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த அதிர்ஷ்டம் யார் வீட்டுக் கதவைத் திறந்தது, யார் வீட்டுக் கதவைச் சாத்தியது என்பதுதான் சுவாரசியமான கதை.

மாட்டுக்குப் பேர் போன ஊர்

ஹெரிபோர்டு, இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லை ஓரம் இருக்கிற சின்ன ஊர். சிவப்பு உடம்பும் வெள்ளை முகமும் கொண்ட ஹெரிபோர்டு மாடுகள் உலகப் பிரசித்தம். ஆப்பிள் பழத்தில் இறக்கும் மதுவும் பிரசித்தம். கால்பந்து? அந்த ஊரைத் தாண்டினால் அதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது.

அப்போது இங்கிலாந்து லீக்கில் 4 டிவிஷன்கள். மொத்தம் 92 டீம்கள். அந்த 92-ல் ஹெரிபோர்டு இல்லை. லீக்குக்கு வெளியே, சதர்ன் லீக் என்ற சின்னப் போட்டியில் ஆடிக்கொண்டு இருந்தது. ஆட்டக்காரர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை. வேலை முடிந்து பயிற்சி. வாரக் கடைசியில் மேட்ச். ராட்போர்டு அதில் ஒருவர்.

ஆனால் எப்.ஏ. கப் என்று ஒரு போட்டி உண்டு. அதில் பெரிய டீம், சின்ன டீம் என்ற பேதம் கிடையாது. சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யாருக்கு யார் வந்தாலும் ஆடித்தான் ஆகவேண்டும்.

ஹெரிபோர்டுக்கு 3-வது சுற்றில் வந்த சீட்டு, நியூகாசில் யுனைடெட்!

முதல் டிவிஷன் டீம். அதுவரை 6 தடவை அந்தக் கப்பை வாங்கிய டீம். போதாததற்கு மால்கம் மெக்டொனால்டு என்ற கோல் புலி. 1971-ல்தான் 1 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கி இருந்தார்கள்.

லீக்குக்கு வெளியே உள்ள ஒரு டீம், முதல் டிவிஷன் டீமைக் கடைசியாகத் தோற்கடித்தது 1949-ல். சந்தர்லாந்து டீமை யோவில் என்ற சின்ன டீம் வீழ்த்தியது. அதன்பிறகு 23 ஆண்டாக அப்படி நடக்கவே இல்லை. இது மட்டும் நடக்கிற காரியமா?

17-வது வினாடி

ஜனவரி 24-ந் தேதி நியூகாசில் மைதானத்தில் முதல் ஆட்டம். விசில் ஊதி 17 வினாடிதான். உட்கார வந்தவர்கள் இன்னும் இடம் தேடிக்கொண்டு இருந்தார்கள். அதற்குள் கோல்! போட்டது ஹெரிபோர்டு!

நியூகாசில் சும்மா விடுமா? 2 கோல் திருப்பிக் கொடுத்தது. ஹெரிபோர்டின் மானேஜர் காலின் அடிசன் தானும் இறங்கி ஆடுகிறவர். அவரே தூரத்தில் இருந்து ஒன்று அடித்து சமன் செய்தார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

சமமாக முடிந்தால், அடுத்த ஆட்டம் மற்ற டீமின் ஊரில். அந்தக் காலத்தில் அதுதான் விதி. ஆக, பெரிய டீம் மூட்டை கட்டிக்கொண்டு மாட்டு ஊருக்கு வரவேண்டியதாயிற்று.

வந்தால், மழை! மைதானம் குளமாகிவிட்டது. ஆட்டத்தைத் தள்ளிப் போட்டார்கள். மறுபடியும் மழை. மறுபடியும் தள்ளிவைப்பு. கடைசியில் அடுத்த சுற்று நடக்கிற சனிக்கிழமையே வந்துவிட்டது. மற்ற ஊர்களில் 4-வது சுற்று நடக்கிறது. ஹெரிபோர்டில் மட்டும் பாக்கி விழுந்த 3-வது சுற்று!

மரத்தின் மேல் ரசிகர்கள்

எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்தில் அன்று கூடியவர்கள் 14 ஆயிரத்து 313 பேர். இது கணக்கில் வந்த தலைகள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் பக்கத்து மரங்களில் ஏறிக்கொண்டார்கள். அந்தத் தலைகளை யார் எண்ணியது?

மைதானத்தில் புல்லைத் தேடித்தான் பார்க்கவேண்டும். எங்கு பார்த்தாலும் சேறு. வழவழப்பான மைதானத்தில் வித்தை காட்டுகிறவர்களுக்கு இங்கே கால் நாட்டவே சிரமம். அந்தச் சேற்றில் புரண்டு எழுந்தவர்களுக்கோ அது சொந்த வீடு.

இருந்தாலும் பெரிய டீம் பெரிய டீம்தான். நியூகாசில் நெருக்கிக்கொண்டே இருந்தது. பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. "இன்னிக்கு நம்ம பக்கம் சாமி இருக்கு" என்று உள்ளூர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

82-வது நிமிடம். மெக்டொனால்டு தலையால் முட்டினார். கோல்! 0-1.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். பாக்கி 8 நிமிடம்.

ஒரே உதை!

4 நிமிடம் போயிற்று. நடு மைதானத்துக்குச் சற்று முன்னால் பந்துக்கு இழுபறி. ராட்போர்டு விடவில்லை. மல்லுக்கட்டிப் பந்தைப் பறித்தார். முன்னால் நின்ற பிரையன் ஓவனுக்குத் தட்டினார். ஓவன் திருப்பித் தட்டினார்.

சேற்றில் உருண்டு வர வேண்டிய பந்து, மேடு பள்ளத்தில் பட்டு வாகாகத் துள்ளியது. சுமார் 30 கெஜ தூரம். ராட்போர்டு யோசிக்கவில்லை. ஓங்கி ஒரு உதை!

கோல் வலையின் மேல் மூலையில் பந்து போய்ச் சொருகியது. கோல் கீப்பர் பாய்ந்தும் பலன் இல்லை.

சிறுவர்கள் வேலியைத் தாண்டி நூற்றுக்கணக்கில் மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். ராட்போர்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

1-1. கூடுதல் நேரம்.

103-வது நிமிடத்தில் ரிக்கி ஜார்ஜ் பந்தை வாங்கித் திரும்பினார். தரையோடு தரையாக எதிர் மூலைக்குத் தள்ளினார். கோல்! 2-1.

பிறகு விசில் ஊதும் வரை ஹெரிபோர்டு தாக்குப் பிடித்தது. மைதானம் மீண்டும் மனிதத் தலைகளால் நிரம்பியது.

யாருக்கு யோகம்?

ஜெயித்த டீம் கப்பை வாங்கிவிட்டதா? அதுதான் இல்லை. அடுத்த சுற்றில் வெஸ்ட்ஹாம் வந்தது. முதல் ஆட்டம் டிரா. மறு ஆட்டத்தில் 1966 உலகக் கோப்பை வீரர் ஜெப் ஹர்ஸ்ட் 3 கோல் போட்டு ஹெரிபோர்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையின் பலன் கோடையில் வந்தது.

அந்தக் காலத்தில் லீக்குக்குள் நுழைய, வெளியே முதலிடம் பிடித்தால் மட்டும் போதாது. வருஷா வருஷம் லீக் கிளப்புகள் கூடி ஓட்டுப் போடும். 4-வது டிவிஷனில் கடைசி 4 இடத்தில் இருக்கிறவர்கள், "எங்களை வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கவேண்டும். வெளியில் இருக்கிறவர்கள், "எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கவேண்டும். பெரும்பாலும் உள்ளே இருக்கிறவர்களுக்கே ஓட்டு விழும்.

1972-ல் சதர்ன் லீக்கில் முதலிடம் பிடித்தது செம்ஸ்போர்டு. ஹெரிபோர்டுக்கு இரண்டாம் இடம்தான். ஆனாலும் இரண்டாவது தடவை ஓட்டுப் போட்டு ஹெரிபோர்டைத்தான் உள்ளே சேர்த்தார்கள். நியூகாசிலை வீழ்த்திய டீம் என்ற பெயர் நாடு முழுக்கப் பரவி இருந்ததே!

ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போகவேண்டும். போனது பாரோ. கப்பல் கட்டும் ஊர். 1921-ல் இருந்து லீக்கில் இருந்த டீம். அந்த ஆண்டு அது கடைசி இடம்கூட இல்லை. அதற்கும் கீழே 2 டீம்கள் இருந்தன. ஆனாலும் வெளியேற்றப்பட்டது பாரோதான். ஹெரிபோர்டின் சேற்றில் யாரோ அடித்த பந்து, எங்கோ இருந்த பாரோவின் தலையிலும் விழுந்தது!

பாரோ மறுபடி லீக்குக்குள் வந்தது 2020-ல். அதாவது 48 ஆண்டுகள் கழித்து. ஓட்டு முறையைக் கைவிட்டு, வெளியே ஜெயிக்கிற டீம் நேராக உள்ளே வரலாம் என்ற முறை 1987-ல்தான் வந்தது.

ஹெரிபோர்டுக்கும் யோகம் நிலைக்கவில்லை. 1976-ல் இரண்டாவது டிவிஷன் வரை ஏறிய கிளப், 1997-ல் லீக்கை விட்டே இறங்கியது. 2014 டிசம்பரில் கடன் தொல்லையால் கோர்ட்டு உத்தரவுப்படி இழுத்து மூடப்பட்டது. அதே மைதானத்தில் புதிய கிளப் ஒன்று 2015-ல் ஆடத் தொடங்கியது.

மைக் பிடித்தவர்

அன்று பி.பி.சி. டெலிவிஷனுக்கு வர்ணனை சொல்ல அனுப்பப்பட்டவர் ஜான் மோட்சன். 26 வயது. வேலைக்குப் புதுசு. இரவு நிகழ்ச்சியில் கடைசியாகக் கொஞ்ச நேரம் காட்டலாம் என்று நினைத்த ஆட்டம், அன்றைய முக்கிய ஆட்டமாகிவிட்டது. அவர் வாழ்க்கையும் மாறியது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற வர்ணனையாளர் ஆனார். 2023-ல் காலமானார்.

ரிக்கி ஜார்ஜுக்கு சேற்று யோகம் இன்னொரு தடவையும் அடித்தது. 1998-ல் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த 'எர்த் சம்மிட்' குதிரையில் அவருக்கும் ஒரு பங்கு. அன்றும் ஓடுகளம் சேறுதான்!

ராட்போர்டின் கோல், அந்த ஆண்டின் சிறந்த கோலாக பி.பி.சி.யில் தேர்வு பெற்றது. 2022 நவம்பரில் 79-வது வயதில் அவர் இறந்தபோது, அந்த ஒரு உதையைத்தான் நாடு மறுபடி போட்டுப் பார்த்தது.

மூன்றாவது ஆள்

பெயர் வாங்கியவர்கள் இவர்கள். இன்னொருவர் உண்டு. ரோஜர் கிரிபித்ஸ். பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவர்.

ஆட்டத்தின் நடுவே அவர் காலில் பலத்த அடி. அந்தக் காலத்தில் ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரர்தான். இப்போதே இறக்கிவிட்டால் பிறகு ஆள் கிடையாது. கிரிபித்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காலோடு ஆடினார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், இனி முடியாது என்ற நிலையில்தான் வெளியே வந்தார். கால் எலும்பு முறிந்திருந்தது!

அவருக்குப் பதிலாகப் புது மூச்சோடு உள்ளே போனவர்தான் ரிக்கி ஜார்ஜ். மற்றவர்கள் சேற்றில் நடக்கவே திணறியபோது, வெற்றி கோலைப் போட்டவரும் அவரே.

அதிர்ஷ்டம் வந்தது உண்மை. அது வருகிற வரைக்கும் முறிந்த காலோடு இடத்தைப் பிடித்து வைத்திருந்தார் ஒருவர்.